திட்டுறதை விடுவோம், சிகிச்சையைக் கேட்போம்!

(கம்பத்தில் நம் கட்சியின் மருத்துவர் அணி நடத்திய மது ஒழிப்புக் கூட்டத்தில், அணியைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், படித்ததும் ஒரு குடும்பத்துக்காவது அனுப்புங்கள்.)



மது ஒழிப்புக் கூட்டம்னா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தர் டாஸ்மாக் கணக்கு சொல்வார். ஒருத்தர் ஆட்சியைத் திட்டுவார். கடைசியில எல்லாரும் சேர்ந்து குடிகாரனைத் திட்டுவோம். கைதட்டிட்டுக் கலைஞ்சு போவோம். மறுநாள் காலையில கடை திறக்கும், அதே ஆள் அதே வரிசையில நிப்பார்.

இன்னைக்கு நான் குடிக்கிறவரோட மண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு பேசப் போறேன். மைக்ரோ ஆர்என்ஏ அப்படின்னு ஒரு பொருளைப் பத்திப் பேசப் போறேன். பேரைக் கேட்டதும் எந்திரிச்சிராதீங்க. நம்ம தேனி மாவட்டத்துக்கு இதெல்லாம் புதுசு இல்ல. பொட்டிப்புரத்து மலையைக் குடையப் போறோம்னு சொன்னப்ப, நியூட்ரினோன்னா என்னன்னு ஆடு மேய்க்கிற பெரியவர்கூடக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எதிர்த்து நின்னார். வீட்டுக்கு வீடு இருக்கிற வியாதியைப் பத்தித் தெரிஞ்சுக்க மாட்டோமா?

முதல்ல ஒரு கேள்வி கேட்கிறேன்.

கார்த்திகை பிறந்தா நம்ம ஊர்ல எத்தனை பேர் சபரிமலைக்கு மாலை போடுறாங்க? தினமும் குடிக்கிறவங்ககூட மாலை போட்டா 48 நாள் தொடுறதில்ல. காலையில பச்சைத் தண்ணியில குளிக்கிறார், சரணம் சொல்றார், வீட்டுல சண்டை இல்ல, புள்ளைக பயப்படாம தூங்குதுக. குமுளி வழியா மலைக்குப் போயிட்டு வர்றார். மாலையைக் கழட்டுறார். அன்னைக்குச் சாயங்காலமே கடையில நிக்கிறார். வீட்டுல அந்த அம்மா கேட்கிறாங்க: "48 நாள் இருக்க முடிஞ்ச மனுசனுக்கு 49வது நாள் என்னய்யா கேடு? திமிருதானே?"

நியாயமான கேள்வி. நம்ம ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கிற பதிலும் அதுதான்: திமிரு, கொழுப்பு, பொண்டாட்டி புள்ளை மேல பாசம் இல்ல. ஆனா கடந்த பதினைஞ்சு இருபது வருசமா மூளையை ஆராய்ச்சி பண்றவங்க வேற ஒரு பதில் சொல்றாங்க. அந்தப் பதில்ல மைக்ரோ ஆர்என்ஏவுக்கு முக்கியமான பங்கு இருக்கு.

அது என்னன்னு நம்ம வயக்காட்டை வெச்சே சொல்றேன்.

ஜூன் மாசம் முல்லைப் பெரியாறு அணையைத் திறக்கிறாங்க. கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணியை நம்பி இருக்கு. லோயர் கேம்ப்புக்குத் தண்ணி வந்துட்டா எல்லா வயலும் நிறைஞ்சிருமா? நிறையாது. வாய்க்கால்ல வரணும், மடைக்கு வரணும், மடையில ஒருத்தர் மண்வெட்டியோட நின்னு இந்த வயலுக்குத் திற, அந்த வயலுக்கு அடைன்னு பார்த்துப் பாய்ச்சணும். அணையில எவ்வளவு தண்ணி இருந்தாலும், உங்க வயல் விளையுமா காயுமாங்கிறது அந்த மடைக்காரர் கையிலயும் இருக்கு.

நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டிஎன்ஏ இருக்கு. அதுதான் அணை. அதுல இருந்து தேவைக்கு ஏத்த மாதிரி தகவல் நகல் எடுத்து அனுப்பப்படுது. அதுக்குத் தூது ஆர்என்ஏன்னு பேரு. அது வாய்க்கால்ல வர்ற தண்ணி. அந்தத் தகவலை வெச்சு செல் புரதம் தயாரிக்குது. அது விளைச்சல். மைக்ரோ ஆர்என்ஏ யாருன்னு கேட்டா, அவர்தான் மடைக்காரர். மொத்தமே ஏறக்குறைய 22 எழுத்து நீளம்தான். அது எந்தப் புரதத்தையும் தயாரிக்காது. தூது ஆர்என்ஏ மேல போய் ஒட்டிக்கிட்டு, "இது போதும், நிறுத்து"ன்னு தடுக்கும். இல்லேன்னா அந்தத் தகவலையே சிதைச்சிரும். ஒரே ஒரு மைக்ரோ ஆர்என்ஏ நூத்துக்கணக்கான மடைகளைக் கவனிச்சுக்கும்.

இதைக் கண்டுபிடிச்சது ஒரு புழுவுல. 1 மில்லிமீட்டர் நீளம், மண்ணுல வாழுற புழு. அமெரிக்காவுல விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன்னு ரெண்டு விஞ்ஞானிகள் 1993ல இதை வெளியிட்டாங்க. "புழுவுக்குள்ள ஏதோ விசேஷம் போல"ன்னு உலகம் பெருசா கண்டுக்கல. 2000ல ருவ்குன் குழு இன்னொண்ணைக் கண்டுபிடிச்சப்ப, அது மனுசன் வரைக்கும் இருக்குன்னு தெரிஞ்சது. அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்துச்சு. 2024ல அந்த ரெண்டு பேருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தாங்க.

சரி, இதுக்கும் குவாட்டருக்கும் என்ன சம்பந்தம்?

மடையில நிக்கிற ஆளுக்கே ஊத்திக் கொடுத்துட்டா வயக்காடு என்ன ஆகும்? அதேதான் மூளையில நடக்குது. ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல் விஷயம், போதை ஏறாம போறது. "ஆரம்பத்துல ஒரு கட்டிங் போட்டாலே தலை சுத்தும், இப்ப ஆஃப் அடிச்சாலும் ஒண்ணும் தெரியலைப்பா"ன்னு சிலர் பெருமையா சொல்வாங்க. அது பெருமை இல்லண்ணே, மூளை மாறிப் போச்சுங்கிறதுக்கு அடையாளம். 2008ல ஸ்டீவன் ட்ரைஸ்ட்மேன் குழு எலியோட மூளை செல்களை வெச்சு இதைக் காட்டினாங்க. சாராயம் பட்ட சில நிமிடங்கள்லயே மைக்ரோ ஆர்என்ஏ-9 கூடுது. அது என்ன பண்ணுதுன்னா, சாராயத்தை உணரக்கூடிய வாசல்களுக்கான தகவலைத் தேடித் தேடி அழிக்குது. உணராத வகை வாசல்கள் மட்டும் மிஞ்சுது. அப்புறம் அதே அளவு ஊத்தினாலும் மூளைக்கு உறைக்கிறதில்ல. இன்னும் ஊத்து, இன்னும் ஊத்துன்னு கேட்குது.

ரெண்டாவது விஷயம், "இன்னைக்கு ஒண்ணோட நிறுத்திக்கிறேன்"னு சொன்ன ஆள் நிறுத்த முடியாம போறது. நம்ம நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளைப் பகுதிதான் "போதும்டா, வீட்டுக்குப் போ"ன்னு சொல்ற இடம். அங்க நரம்பு செல்களைக் காப்பாத்துற உரம் மாதிரி ஒரு புரதம் இருக்கு, பி.டி.என்.எஃப்னு பேரு. அளவா குடிக்கிற வரைக்கும் அது ஒரு தடுப்பு மாதிரி வேலை செய்யுது. 2014ல டோரிட் ரான் குழு சுண்டெலிகள்ல பார்த்தாங்க. ரொம்ப நாள் அதிகமா குடிக்க விட்டா, மைக்ரோ ஆர்என்ஏ-30ஏ கூடிப் போய் அந்த உரத்தைக் குறைச்சிருது. அந்த மைக்ரோ ஆர்என்ஏவை மட்டும் தடுத்துப் பார்த்தாங்க. உரம் திரும்ப ஊறுச்சு, எலி குடிக்கிறதும் குறைஞ்சது. அதே வருசம் இன்னொரு குழு மைக்ரோ ஆர்என்ஏ-206லயும் இதே கதையைப் பார்த்தாங்க. மதுவுக்கு அடிமையான எலிகள்ல அது கூடியிருந்துச்சு. அடிமையாகாத எலிக்கு அதைச் செயற்கையா கூட்டினா, அதுவும் நிறையக் குடிக்க ஆரம்பிச்சது.

இந்த மாற்றம் குடியை நிறுத்தி வாரக்கணக்குல ஆன பிறகும் எலி மூளையில இருக்கு. இப்ப மாலை போட்ட மனுசனை நினைச்சுப் பாருங்க. 48 நாள் அவரைப் பிடிச்சு நிறுத்தினது சாமி பயம், குருசாமி, கூட இருந்த சாமிமாருக, ஊர் மரியாதை. அந்தக் கட்டு அவிழ்ந்ததும், உள்ள இன்னும் சரியாகாத மூளை தனியா நிக்குது. போற வழியில பச்சை போர்டு. அவர் தோத்ததுக்குத் திமிரு மட்டும் காரணம் இல்லம்மா. வயல் இன்னும் காயலை, அதுக்குள்ள காவலை எடுத்துட்டோம்.

மூணாவது விஷயம், மூளையில அழற்சி. காயம் பட்டா வீங்கிச் சிவக்குதில்ல, அந்த மாதிரி ஒரு கொதிப்பு மூளைக்குள்ளயும் நடக்கும். 2013ல சுண்டெலிகளோட சிறுமூளையில பார்த்தாங்க. தொடர்ந்து சாராயம் கொடுத்தா மைக்ரோ ஆர்என்ஏ-155 கூடுது, அது அந்தக் கொதிப்பை ஏத்தி விடுது. அந்த மைக்ரோ ஆர்என்ஏ இல்லாத எலிகளுக்கு அவ்வளவு கொதிப்பு வரல. சிறுமூளைதான் நம்ம நடையை நேரா வெச்சிருக்கிற இடம். பல வருசம் குடிச்சவர், குடிக்காத நேரத்துலயும் காலை அகட்டி வெச்சுத் தள்ளாடி நடப்பார், கவனிச்சிருக்கீங்களா? பாதிக்கப்பட்டது அந்த இடம்.

"எல்லாம் எலிக்கதையா இருக்கே டாக்டர், மனுசன்ல பார்த்தாங்களா?" பார்த்திருக்காங்க. ஆஸ்திரேலிய, அமெரிக்க விஞ்ஞானிகள், குடிக்கு அடிமையா இருந்து இறந்தவங்களோட மூளையை, குடிக்கு அடிமையாகாதவங்க மூளையோட ஒப்பிட்டு 2011ல ஆய்வு வெளியிட்டாங்க. நெத்திப் பக்கத்து மூளையில சுமார் 35 மைக்ரோ ஆர்என்ஏக்கள் கூடியிருந்துச்சு. ஒரு மடைக்காரர் இல்ல தோழர்களே, 35 மடைக்காரர்கள் ஒரே நேரத்துல தடம் மாறி நிக்கிறாங்க. ஒவ்வொருத்தரும் நூத்துக்கணக்கான மடையைப் பார்க்கிறவங்கன்னு சொன்னேன். கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

இதுல ஒரு நேர்மையும் வேணும். இதுல பாதிக்கு மேல எலியில நடந்த ஆராய்ச்சி. மனுசனுக்கு மைக்ரோ ஆர்என்ஏவைச் சரி பண்ணிக் குடியை நிறுத்துற மாத்திரையோ ஊசியோ இன்னும் மருத்துவமனைக்கு வரல. நாளைக்கே யாராவது "மைக்ரோ ஆர்என்ஏ வைத்தியம்"னு போர்டு மாட்டினா நம்பி நகையை அடகு வைக்காதீங்க. நான் இதைச் சொல்றதுக்குக் காரணம் ஒண்ணுதான். குடி நோய் மூளையில ஏற்படுற நோய். அதுக்குத் தடயம் இருக்கு, கண்ணால பார்த்திருக்காங்க. நோய்னா அதுக்குச் சிகிச்சை உண்டு. சிகிச்சை கேட்கிறது நம்ம உரிமை.

ஒரு விஷயத்தை இங்க தெளிவாச் சொல்லிடறேன். நோய்ங்கிறதுக்காகப் பொண்டாட்டியை அடிக்கிறதுக்கு மன்னிப்பு கிடையாது. அடி வாங்கிக்கிட்டு, "பாவம், மூளை சரியில்ல"ன்னு எந்த அக்காவும் பொறுத்துப் போகாதீங்க. 181க்குக் கூப்பிடுங்க, பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிடுங்க, நம்ம கட்சி மகளிர் அணியைக் கூப்பிடுங்க. அடியைத் தடுக்கிறதும் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுபோறதும் ரெண்டுமே வேணும்.

இப்ப இளைஞர்களுக்கு. பின்னாடி பைக் மேல உட்கார்ந்துக்கிட்டு கேட்கிற தம்பிகளா, இது உங்களுக்குத்தான்.

மனுச மூளை, குறிப்பா அந்த நெத்திப் பகுதி, முழுசா முதிர ஏறக்குறைய 25 வயசு ஆகும். வீடு கட்டிக்கிட்டு இருக்கும்போதே கான்கிரீட்டுல தண்ணியை அடிச்சு விட்டா என்ன ஆகும்? சிகாகோவுல சுபாஷ் பாண்டேன்னு ஒரு விஞ்ஞானி. அவர் குழு 2019ல வெளியிட்ட ஆய்வு. இளம் வயசு எலிகளுக்கு விட்டு விட்டுச் சாராயம் கொடுத்தாங்க. அப்புறம் நிறுத்திட்டு வளர விட்டாங்க. பெருசான பிறகு பார்த்தா, பயத்தையும் பதற்றத்தையும் கவனிக்கிற அமிக்டலாங்கிற மூளைப் பகுதியில மைக்ரோ ஆர்என்ஏ-137 கூடியிருக்கு. அந்த எலிகள் பதற்றமா இருக்கு, அதிகமாக் குடிக்குது. அந்த மைக்ரோ ஆர்என்ஏவைத் தடுத்ததும் ரெண்டும் குறையுது.

இதுக்கு அர்த்தம் என்ன தம்பி? வீரபாண்டித் திருவிழாவுல 16 வயசுல நண்பனோட சேர்ந்து "சும்மா ஒரு பீர்"னு ஆரம்பிக்கிறது சும்மா போயிடாது. 30 வயசுல காரணமே இல்லாம நெஞ்சு படபடக்குது, தூக்கம் வரல, ஒரு கட்டிங் போட்டாத்தான் மனசு அடங்குதுன்னு சொல்றவங்களோட கதை, அவங்க பள்ளிக்கூடம் போன வயசுலயே ஆரம்பிச்சிருக்கலாம். தமிழ்நாட்டுச் சட்டப்படி 21 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு மது விற்கக் கூடாது. ஒவ்வொரு கடைவாசல்லயும் அது எழுதியிருக்க வேண்டிய சட்டம். எழுதின சட்டத்தை வயசு கேட்டு நடைமுறைப்படுத்தணும்னு கேட்கிறதுக்கு நாம யாருக்கும் பயப்பட வேண்டியதில்ல.

அடுத்து, வீட்டுல இருக்கிறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய நாலு விஷயம். இதைப் போன்ல சேமிச்சு வெச்சுக்கோங்க.

ஒண்ணு: தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீர்னு ஒரே நாள்ல நிறுத்தினா ஆபத்து. முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம். மூணு நாலு நாளைக்குள்ள கை கால் நடுக்கம், காய்ச்சல், இல்லாத ஆளோட பேசுறது, சுவத்துல பூச்சி ஊருதுன்னு சொல்றது வரலாம். பேய் பிடிச்சிருச்சுன்னு கோடாங்கிகிட்ட போயிடாதீங்க. அது உயிரைப் பறிக்கிற நிலை. உடனே ஆஸ்பத்திரி. மாலை போடப் போறவங்களும், முன்கூட்டியே டாக்டரைப் பார்த்து, மருந்தோட நிறுத்துங்க. சாமி கோவிச்சுக்காது.

ரெண்டு: தயமின். பி1 வைட்டமின். குடிக்கிறவர் சோறு சாப்பிடுறதில்ல, சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டுறதில்ல. இந்த வைட்டமின் தீர்ந்துபோனா மூளை சேதமாகும். திடீர்க் குழப்பம், கண் ஒழுங்கா அசையாம ரெட்டை ரெட்டையாத் தெரியுறது, நடை தள்ளாடுறது. இதுக்கு வெர்னிக்கே நோய்னு பேரு. உடனே ஊசி போட்டா காப்பாத்தலாம். விட்டுட்டா நினைவு போயிடும், காலையில சாப்பிட்டது தெரியாது, நடக்காததை நடந்ததாச் சொல்வார். அதுக்குப் பேரு கோர்சகாஃப். "பொய் சொல்றான்"னு வீட்டுல திட்டுவாங்க. பொய் இல்ல, மூளை ஓட்டையை அடைக்கப் பார்க்குது. குடிச்சு மயங்கினவருக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏத்தணும்னா, அதுக்கு முன்னாடியோ கூடவோ தயமின் போட்டாச்சான்னு கேளுங்க. இது விலை மலிவான மருந்து.

மூணு: "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்"னு பஸ் ஸ்டாண்டு சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருப்பான். வாங்காதீங்க. அந்த மாதிரிப் பொடியில டைசல்ஃபிராம் கலந்திருந்தா, தெரியாம சாப்பிட்டுட்டு மேல சாராயத்தை ஊத்தினதும் நெஞ்சு அடைக்கும், ரத்த அழுத்தம் விழும், உயிரே போகலாம். அது நல்ல மருந்துதான். ஆனா டாக்டர் சொல்லி, அவருக்குத் தெரிஞ்சு, சம்மதத்தோட மட்டும்தான் கொடுக்கணும். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி மாத்திரைகளும் இருக்கு. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். வெளியில சொல்லக் கூச்சமா இருந்தா 14446, இது மத்திய அரசோட போதை மீட்பு உதவி எண். மனநல ஆலோசனைக்கு 14416. ரெண்டும் இலவசம்.

நாலு: மூளை மீளும். இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். 2023ல வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வுல, குடியை நிறுத்தினவங்க மூளையைச் சுமார் 7 மாசம் தொடர்ந்து பார்த்தாங்க. மெலிஞ்சுபோன மூளைப் பரப்பு பல இடங்கள்ல திரும்பத் தடிமனாச்சு. முதல் மாசத்துலயே வேகமா மீளத் தொடங்குது. அதனால 48 நாள் ரொம்ப நல்ல தொடக்கம். அதை அப்படியே ஆறு ஏழு மாசத்துக்குத் தள்ளிக்கொண்டு போக மாத்திரையும், ஆலோசனையும், கூட நிக்க நாலு பேரும் வேணும். மாலை போட்டப்ப "சாமி"ன்னு கூப்பிட்டோமே, அந்த மரியாதையை மாலை கழட்டின பிறகும் கொடுத்துப் பாருங்க. குடியை விட்டவங்களே ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடி உட்கார்ந்து பேசுற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் உலகம் பூரா 1935லிருந்து இதைத்தான் செய்யுது.

இப்ப அரசியலுக்கு வர்றேன். வராம இருக்க முடியுமா?

1937ல ராஜாஜி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1971ல திமுக ஆட்சி அதைத் தளர்த்துச்சு. பிறகு திரும்பக் கொண்டு வந்தாங்க. 1981ல அதிமுக ஆட்சி மறுபடி திறந்து விட்டுச்சு. 1983ல டாஸ்மாக் நிறுவனம் பிறந்துச்சு. 2003ல சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கிச்சு. ஒருத்தர் திறந்தார், ஒருத்தர் விரிச்சார். எதிர்க்கட்சியா இருக்கும்போது ரெண்டு பேருக்கும் மதுவிலக்கு ஞாபகம் வரும். 2023-24ல டாஸ்மாக் மூலமா அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய்.

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. நாடே பேசுச்சு. குடும்பத்துக்கு 10 லட்சம் நிவாரணம் கொடுத்தாங்க. கொடுக்க வேண்டியதுதான். ஆனா அரசு முத்திரை ஒட்டின பாட்டில்ல, வரி கட்டி, வரிசையில நின்னு வாங்கி, இருபது வருசத்துல கொஞ்சம் கொஞ்சமா மூளை அழிஞ்சு போற மனுசனுக்கு என்ன நிவாரணம்? அவன் சாவு செய்தியில வர்றதில்ல. "குடிச்சே செத்தான்"னு ஒரு வார்த்தையில முடிச்சிடறோம்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019ல வெளியிட்ட ஆய்வு சொல்லுது: இந்தியாவுல சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறாங்க. அதுல 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுற அளவுக்குப் பிரச்சினை. ஆனா மதுவுக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. ஆஸ்பத்திரியில படுக்கை கிடைச்சது 180 பேருக்கு ஒருத்தருக்கு. சர்க்கரை நோய்க்காரர் 38 பேர்ல 37 பேரைத் திருப்பி அனுப்பினா விடுவோமா? இங்க மட்டும் ஏன் விடுறோம்? குடிகாரன்தானேங்கிற எண்ணம். அந்த எண்ணம் நமக்குள்ள இருக்கிற வரைக்கும் எந்த அரசுக்கும் கவலை இல்ல. "நீயே திட்டுற, நான் எதுக்குச் செலவு பண்ணணும்?"னு அது நிம்மதியா வசூல் பண்ணும்.

நீலகிரியில 2022ல ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா 10 ரூபாய். காட்டு விலங்கு காலில் கண்ணாடி குத்தக் கூடாதுன்னு உயர் நீதிமன்றம் சொல்லி வந்த திட்டம். நல்ல திட்டம், வரவேற்கிறோம். வித்த பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கிற பொறுப்பு கடைக்கு உண்டுன்னு ஒத்துக்கிட்டீங்க இல்ல? அப்ப அந்த பாட்டில் கெடுத்த மூளையைச் சரி பண்ற பொறுப்பு யாருக்கு?

அதனால நம் கட்சியின் மருத்துவர் அணி சார்பா இந்த மேடையில ஐந்து கோரிக்கை வைக்கிறோம்:

1. மது விற்பனை வருமானத்துல ஒரு நிலையான பங்கைக் குடிநோய் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் சட்டப்படி ஒதுக்க வேண்டும்.

2. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம், ஆண்டிபட்டி என எல்லா அரசு மருத்துவமனைகளிலும் குடிநோய் சிகிச்சைக்குப் படுக்கையும் பயிற்சி பெற்ற மருத்துவரும் வேண்டும். தோட்ட வேலை முடிந்து திரும்புகிறவர்களுக்கு மாலை நேரப் பிரிவும் வேண்டும்.

3. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தயமின் ஊசி எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும்.

4. 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்றால் கடை மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். பள்ளி, கோயில், பேருந்து நிலையம், தோட்ட ஜீப்புகள் கிளம்பும் இடம் ஆகியவற்றை ஒட்டிய கடைகளை மூட வேண்டும்.

5. கடைகளைப் படிப்படியாகக் குறைத்து, எந்த ஆண்டில் எத்தனை கடை மூடப்படும் என்று தேதியோடு அறிவிக்க வேண்டும்.

இது அரசுக்கு. நமக்கு நாமே வைக்கிற கோரிக்கை ஒண்ணு இருக்கு. இங்க இருக்கிற ஒவ்வொரு கிளையும், உங்க தெருவுல குடியால சீரழிஞ்சுக்கிட்டு இருக்கிற ஒரே ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க. நம்ம கட்சியா, எதிர்க்கட்சியா, எந்தச் சாதின்னு பார்க்காதீங்க. அவர் தெளிவா இருக்கிற காலை நேரமாப் பார்த்துப் போங்க. "அண்ணே, உங்களுக்கு இருக்கிறது நோய், வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவோம், நான் கூட வர்றேன்"னு சொல்லுங்க. முதல் தடவை வர மாட்டார். கெட்ட வார்த்தையில திட்டுவார். ரெண்டாவது தடவை போங்க. வந்து, நிறுத்தி, மறுபடி வழுக்கி விழுந்தாலும் "உன்னைத் திருத்த முடியாது"ன்னு கைகழுவாதீங்க. மூளை திரும்பி வர மாசக்கணக்கு ஆகும்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

நாளைக்குக் காலையில விடியிறதுக்கு முன்னாடி இந்த ஊர்ல ஜீப்புக கிளம்பும். கம்பம் மெட்டு ஏறி, குளிர்ல நனைஞ்சு ஏலக்காய் எடுத்துட்டு அந்த அம்மாமார்கள் சாயங்காலம் கூலியோட இறங்குவாங்க. அந்தக் கூலி அரிசிக்கும் புள்ளைக படிப்புக்கும் போகணும். அதுக்குத்தான் இந்தக் கூட்டம், இந்தக் கோரிக்கை, இந்தக் கட்சி.



கோரிக்கைகளை ஆதரிப்பவர்கள் கருத்துப் பகுதியில் உங்கள் ஊர் பெயரைப் பதிவிடுங்கள். கிளைத் தோழர்கள் உங்கள் பகுதி மருத்துவமனையில் குடிநோய் சிகிச்சை எப்படி இருக்கிறது என்பதை எழுதுங்கள். மருத்துவர் அணி தொகுத்து மாவட்ட ஆட்சியரிடம் மனுவாக அளிக்கும். நோயாளிகளின் பெயரையோ படத்தையோ பதிவிட வேண்டாம்.

#குடிநோய்க்குச்_சிகிச்சை_வேண்டும் #மதுவில்லாத்_தமிழ்நாடு #தேனி #கம்பம்